செத்த பிறகும் ஒரு ஆடிஷன்

நியூயார்க்கின் பிராட்வேயில் பெரிய நாடகக் கலைஞர் யாராவது காலமானால், அரங்குகளின் வாசல் விளக்குகளை ஒரு நிமிடம் மங்க வைப்பார்கள். காசு செலவில்லாத மரியாதை. கரண்ட் பில்லில் சல்லிக்காசு மிச்சமும்கூட. ஆனாலும் யாருக்கு, எத்தனை அரங்கில் என்று அரங்க உரிமையாளர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் வாய்ப்புக்காக வரிசையில் நின்றவர், கண்ணை மூடிய பிறகும் அதே ஆட்கள் முன்னால்தான் தேற வேண்டும்.

2014இல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் மறைந்தபோது முதலில் கையை விரித்துவிட்டார்கள். 1994இல் பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்கே பரிந்துரைக்கப்பட்டவர் அவர். ஊர் வாயில் விழுந்ததும் சீக்கிரமே மனம் இளகியது. பத்து வருடம் கழித்து நடிகர் கேவின் க்ரீல். டோனி வாங்கியவர்தான், ஆனால் இருக்கிற 41 அரங்கில் 11 போதும் என்றார்கள். முழுத் துக்கத்துக்குக் கொஞ்சம் மார்க் குறைவு போல! மனு, மறுபடி கூச்சல், மறுபடி இளகல்.

ரிவர்ஸுக்கு விளக்கு மங்கியது மாலை 6.45க்கு. ஏழு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவர் வாசல் தெரியாமல் திரும்பிப் போய்விடக் கூடாதே.