டிக்கெட்டுக்கு வஞ்சனை இல்லாமல்

துருக்கியின் தெற்குக் கரையில் ஒலிம்போஸ் என்றொரு ஊர். ஜீயஸ் வாசம் செய்ததாகச் சொல்லப்படும் கிரேக்க மலைக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். இங்கே வாசம் செய்பவர்கள் முதுகில் மூட்டையும் பையில் சொற்பக் காசுமாக வரும் இளவட்டங்கள். அந்தக் கூட்டத்தில் அரை வழுக்கையும் கணக்கு நோட்டுமாக நண்பர் ஒருவரும், அவர் மனைவியின் தம்பியும் போய்ச் சேர்ந்தார்கள். தம்பிக்குக் கடல் வேண்டும். நண்பருக்குச் செலவு குறைய வேண்டும். அங்கே கிடக்கும் பழைய நகரத்தின் இடிபாடு இருவருக்குமே வேண்டாம்.

அன்டால்யாவில் ஏறும் பஸ் ஊருக்குள் போகாது. நெடுஞ்சாலைப் பிரிவில் இறக்கிவிடும். அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க ‘டோல்முஷ்’ என்கிற ஷேர் வேன்தான் கதி. டாக்ஸிக்காரர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். நண்பர் மலையழகை ரசிக்க ஆரம்பித்தார். வேன் நிறைகிற வழியாக இல்லை.

“மாமா, ரோட்டுல நின்னு நாமளே நாலு பேரைக் கூவிக் கூப்பிடலாமா?” என்றான் தம்பி.

“கமிஷன் குடுப்பானான்னு கேளு” என்றார் நண்பர்.

தங்கியது மரவீட்டில். இந்தப் பள்ளத்தாக்கு தொல்லியல் பாதுகாப்புப் பகுதி. 1972இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கான்கிரீட் கட்டடத்துக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் விடுதிக்காரர்கள் பலகையால் கட்டினார்கள், நட்சத்திர ஓட்டல்கள் தலைகாட்டவில்லை, ஏழைபாழைகளுக்கும் இடம் கிடைத்தது. பெயர்தான் மரவீடு, பல அறைகள் நாலு கட்டைமேல் நிற்கும் பெட்டிகள். பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தால் இங்கே கட்டில் பதில் சொல்லும். நண்பருக்கு அது குறையாகவே படவில்லை. வாடகையிலேயே காலை உணவும் இரவு உணவும் சேர்த்தி. தக்காளி, வெள்ளரி, ஆலிவ், வெள்ளைச் சீஸ், ரொட்டி என்று தட்டை நிரப்பி, அவித்த முட்டை இரண்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மதிய உணவு என்ற தலைப்பில் அன்றைக்கு நோட்டில் பூஜ்யம்.

நோட்டில் ஒரே எரிச்சல், ஊரிலிருந்தே லிராவில் குறித்துக்கொண்டு போன விலைகள். 2022 அக்டோபரில் 85 சதவீதப் பணவீக்கத்தைத் தாண்டிய நாடு அது. பழைய விலையைக் காட்டிப் பேரம் பேசினால் கடைக்காரர் பெருமூச்சு விடுகிறார். அவருக்கும் அந்த விலைமேல் ஆசைதான்.

சிக்கல் கடலுக்குப் போகும் பாதையில் இருந்தது. மரவீட்டுப் பக்கமிருந்து கடற்கரைக்கு இருக்கிற வழி இடிந்த நகரத்துக்குள்ளே போகிறது. அதன் வாசலில் டிக்கெட் கவுன்ட்டர். குளிக்கப் போகிறவனும் சரித்திரத்துக்குக் காசு கட்டியாக வேண்டும்.

கட்டிய காசை விடுவாரா நண்பர்? துண்டும் கையுமாக நின்ற தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல் கல்லாகப் பார்க்க ஆரம்பித்தார். ஓர் ஓடை, இரு கரையிலும் அரளிப் புதர், அதற்குள் ரோமானியக் குளியல் மண்டபம், நாடக அரங்கம். கோயில் ஒன்று மொத்தமும் விழுந்து, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலான வாசல் நிலை மட்டும் நிற்கிறது. இந்தப் பகுதியின் பழங்கால நகரங்கள் சேர்ந்த லிசியக் கூட்டமைப்பில் மூன்று ஓட்டு வைத்திருந்த ஆறு பெரிய நகரங்களில் இந்த ஊரும் ஒன்று என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பிறகு செனிகெட்டஸ் என்ற கடற்கொள்ளைக்காரன் பிடித்துக்கொண்டான். கி.மு. 70களில் ரோமானியத் தளபதி செர்விலியஸ் வந்து சூழ்ந்ததும், குடும்பத்தோடு வீட்டைக் கொளுத்திக்கொண்டு செத்துப்போனானாம். இவ்வளவையும் பலகை பலகையாகப் படித்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பார்த்ததிலேயே நண்பர் நெடுநேரம் நின்றது யூடெமோஸ் என்ற கப்பல் தலைவரின் கல்லறைப் பெட்டி முன்னால். பக்கவாட்டில் ஒரு கப்பலைச் செதுக்கியிருக்கிறார்கள். வளைந்த அடிப்பாகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த இடத்தில் அவர் டிக்கெட்டை மறந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான்.

கடற்கரை மணலல்ல, கூழாங்கல். செருப்பில்லாமல் நடந்தால் தீமிதி. கரையின் மறுகோடியில் சிராலி கிராமம். அங்கே தங்கினால் கடலுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று தண்ணீருக்குள் நின்ற ஒருவர் சொன்னார். நண்பர் கேட்காதது போல் ஒரு முங்கு போட்டார். கோடையில் இந்தக் கரைக்குப் பெருந்தலை ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவற்றின் குழிகளுக்குக் கம்பிக்கூடு போட்டுக் காக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆமைக்கு இலவசம்.

சாயங்காலம் சிராலிக்கு மேலே உள்ள யனார்தாஷ் மலைக்கு ஏறினார்கள். பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசிந்து, ஆயிரக்கணக்கான வருஷமாகத் தானே எரிகிறது. சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த கிமேரா என்ற தீ கக்கும் பூதத்தின் கதை இங்கே பிறந்ததாகச் சொல்கிறார்கள். பூதத்தைச் சுற்றி இப்போது ஜனங்கள் டீ போடுகிறார்கள். நண்பர் குனிந்து, நீல நுனி வைத்த ஒரு ஜ்வாலையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“மாமா, சிலிண்டர் பதிவு பண்ண வேண்டாம், மானியத்துக்கு அலைய வேண்டாம்” என்றான் தம்பி.

“அடிவாரத்துல டிக்கெட் வாங்கினானே, அது?”

ஏறும்போது டார்ச் வேண்டாம், கைபேசி போதும் என்று சொன்னவர் அவர்தான். இறங்கும்போது இரண்டு கைபேசியிலும் சார்ஜ் போய்விட்டது. முன்னால் ஒரு குடும்பம் பெரிய டார்ச்சோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் நின்றால் இவர்கள் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். பாதி வழியில் அந்த வீட்டுக் குழந்தை செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட, நண்பர் அடுத்த டார்ச் வரும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.