போகியிலும் போகாதவை

மார்கழி கடைசி வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கிற காரியத்துக்குச் ‘சுத்தம் செய்தல்’ என்று பெயர் வைத்தவர் பெரிய மனசுக்காரர். நடப்பது இடமாற்றம். பரணில் இருந்தது கூடத்துக்கு இறங்கும். கூடத்தில் தூசி தட்டப்படும். “எதுக்காவது ஆகும்” என்ற தீர்ப்போடு மறுபடி பரணுக்கே ஏறும். அரசு ஊழியருக்காவது இடமாற்றத்தில் ஊர் மாறும், பழைய தோசைக்கல்லுக்கு மூலை மட்டும்தான் மாறுகிறது. பொழுது சாயும்போது இடுப்பு வலியும் தும்மலும் புதிதாகச் சேர்ந்திருக்கும். சாமான் கணக்கில் ஒன்றும் குறைந்திருக்காது. சோம்பேறித்தனம்தான் காரணம் என்று வீட்டுக்கு வீடு ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். என் கட்சி வேறு. சோம்பேறி யாரும் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி இறக்கையைத் துடைக்க மாட்டார்; அஞ்சறைப் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்க்கவும் மாட்டார். ஆட்கள் உழைக்கத்தான் செய்கிறார்கள். சாமான்தான் சாக மறுக்கிறது.

கூரை வீட்டுக் காலத்துப் போகிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அங்கே கழிக்க இருந்தவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், நைந்த கூடை, மக்கிய கீற்று. எல்லாம் மண்ணில் விளைந்தவை, கூடினால் சில வருஷ ஆயுள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. கரையானும் எலியும் அந்தப் பொறுப்பை ஏற்று முன்கூட்டியே முடித்திருக்கும். எரித்தது போக மிஞ்சிய சாம்பல் பாத்திரம் தேய்க்க ஆகும். சம்பா அறுவடையில் புது வைக்கோல் வரும், குயவர் வீட்டில் புதுப்பானை காத்திருக்கும். போவதும் வருவதும் ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே அளவில். நம் முன்னோர் பற்றற்ற மனத்தால் வீட்டைக் காலியாக வைத்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களை நம்பாதீர்கள். வீட்டில் பித்தளை அண்டா இருந்தவர்கள் அதை எந்தப் போகிக்கும் தூக்கிப் போட்டதில்லை. அதிகம் போனால் அடகு வைத்தார்கள்.

எவர்சில்வர் வந்ததும் நிலைமை கைமீறியது. துருப்பிடிக்காது, உடையாது, நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். போதாக்குறைக்கு அதில் பெயர் வெட்டும் வழக்கம் வேறு. கல்யாணத்துக்கு வந்த குடத்தின் கழுத்தில் கொடுத்தவர் பெயரும் முகூர்த்தத் தேதியும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதை இன்னொரு கல்யாணத்துக்குத் தள்ளிவிடலாம் என்றால், சித்தப்பா பெயர் வெட்டிய குடத்தைச் சித்தப்பா பேரனுக்கே எப்படி நீட்டுவது? கொடுத்தவர் இருக்கும்வரை, வந்தால் கேட்பாரே என்ற பயம். அவர் காலமான பிறகு, அவர் ஞாபகமாக இருக்கட்டுமே என்ற பாசம். பயத்துக்கும் பாசத்துக்கும் நடுவே குடம் இறங்க வழியே கிடையாது. அரசாங்கமும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. 2006-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒரு பக்கம். 2011-இல் அடுத்து வந்த ஆட்சி கொடுக்கத் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மறுபக்கம். இரண்டு கழகங்களும் சண்டையில்லாமல் அருகருகே இருக்கிற ஒரே இடம் தமிழனின் பரண்தான். அவற்றுக்குப் பின்னால், உள்ளே இருந்த இயந்திரம் காயலான் கடைக்குப் போய் வருஷங்கள் ஆன பிறகும் ‘வாரண்டிக்கு வேணும்’ என்று தெர்மாகோலோடு காக்கப்படும் அட்டைப்பெட்டிகள். ஒரு தாம்பூலப் பைக்குள் நூறு தாம்பூலப் பைகள். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது வாயெடுத்தால், அது எப்போதும் அடுத்தவர் பொருளாகவே இருக்கும். ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்குத்தான் வீட்டோ. நம் வீடுகளில் பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லாருக்கும் உண்டு.

கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்பார்கள். சென்னைக்காரர்கள் அதையும் செய்து பார்த்தாயிற்று. 2018 போகியன்று காலை பனியும் டயர் புகையும் சேர்ந்து ஓடுதளத்தை மறைத்ததில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒரு நகரமே தன் பழைய சாமானை வெளியே அனுப்பப் போய், ஊர் திரும்பியவர்களை வெளியே அனுப்பிவிட்டது. அண்மை ஆண்டுகளில் பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கை எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகக் கொடுத்துவிடச் சொல்லி மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பரணிலிருந்து இறக்க வேண்டும். அதில்தானே வீட்டோ இருக்கிறது.

ஜப்பானிய நிபுணர் மேரி கோண்டோவின் வழியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பொருளைக் கையில் எடுக்க வேண்டும், மனத்தில் மகிழ்ச்சி பொங்கினால் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். நம் வீட்டில் ரசச் சொம்பை எடுத்து யாருக்கு மகிழ்ச்சி பொங்கியிருக்கிறது? ரசம்தான் பொங்கியிருக்கிறது. இங்கே ஒரு பொருளின் தகுதி மகிழ்ச்சியால் அளக்கப்படுவதில்லை. அதைக் கொடுத்தவர் பொங்கலுக்கு வருவாரா என்பதால் அளக்கப்படுகிறது. தவிர, மூன்றாவது குழந்தை பிறந்தபின் வீட்டு ஒழுங்கை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023-இல் அந்த அம்மையாரே சொல்லிவிட்டார். அவரை நான் அதற்குப் பிறகுதான் மதிக்கத் தொடங்கினேன்.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. எதையும் எறியாமல் வைத்திருப்பது சிக்கனம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது, இதைப் போய்க் கிண்டல் செய்யலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதிவரை ஒப்புக்கொள்கிறேன். பழைய வேட்டி கரித்துணியாவதும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி குடியேறுவதும் சிக்கனம்தான். ஆனால் பரணில் கிடக்கிற குக்கரில் யாரும் சமைப்பதில்லை. அதைப் பழைய பாத்திரக் கடையில் போட்டால் இன்னொரு அடுப்பில் விசிலடிக்கும், அல்லது உருகி வேறு பாத்திரமாகும். பயன்படாமல் பத்திரமாக இருக்கிற பொருளால் லாபம் சிலந்திக்குத்தான். அடுக்குமாடி வீட்டில் பரணே இல்லையே என்பவர்கள் கட்டிலின் பலகையைத் தூக்கிப் பார்க்கட்டும். கட்டிலோடு பெட்டி வைத்து விற்க ஆரம்பித்த நாளிலிருந்து பரணின் மேலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

ஆகவே, கழிப்பதைப் பற்றி மார்கழியில் யோசிப்பது பிந்திய யோசனை. கணக்குப் பார்க்க வேண்டியது தீபாவளியில். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து ஏறக்குறைய இருபது நாளில் தீபாவளி வந்துவிடுகிறது. போனஸும் தள்ளுபடியும் கைகோத்து வருகின்றன. அப்போது வாசலில் நுழைகிறவைதான் தை பிறப்பதற்குள் தம் மூத்தவர்களைப் பரணேற்றுகின்றன. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர் இந்தத் துறையில் மேதை. இரும்பு வெளியே போனால்தான் பழம் உள்ளே வரும், வந்த பழமும் இருட்டுவதற்குள் தீர்ந்துவிடும். எனவே தீபாவளிக்குக் குக்கர் வாங்கப் போகிறவர்கள் பழைய குக்கரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள், புண்ணியமாகப் போகட்டும், பெயர் வெட்டாமல் கொடுங்கள். பணமாகவே கொடுத்தால் இன்னும் உத்தமம். மொய் நோட்டில் பெயர் இருந்தால் போதும்.