எண்ண அஞ்சும் நாடு

கேள்வி: உலக மக்கள்தொகைப் பட்டியலில் எல்லா நாட்டுக்கும் ஓர் எண் இருக்கிறதே, எல்லாருமே வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்களா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. லெபனான் கடைசியாகத் தலை எண்ணியது 1932-இல், பிரெஞ்சு ஆட்சியில். அன்று தொட்டிலில் எண்ணப்பட்ட குழந்தை இன்று கொள்ளுப்பாட்டி! காரணம் சோம்பல் அல்ல, பயம். அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். நாடாளுமன்ற இடங்களும் மதவாரியாகத்தான். முன்பு கிறிஸ்தவர்களுக்கு ஆறு என்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து. பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரை முடித்த 1989 தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதியாக்கியது. மறுபடி எண்ணினால் பங்கைப் பிரிக்கச் சொல்லி யாராவது கேட்பார்களே!

அப்படியானால் பட்டியலில் உள்ள எண்? மாதிரிக் கணக்கெடுப்புகள், பிறப்பு-இறப்புப் பதிவுகள், குடிபெயர்வு ஆகியவற்றை வைத்து ஐ.நா. நிபுணர்கள் போடும் மதிப்பீடு. திறமையான வேலைதான். ஆனால் எந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதை மதிப்பீடு துல்லியமாகச் சொல்லாது. என் வருத்தம் அதுதான். போதாக்குறைக்கு, சிரியப் போரால் லட்சக்கணக்கில் அகதிகள் லெபனானுக்கு வந்து சேர்ந்தார்கள். 2015-இல் அவர்களைப் பதிவு செய்வதையும் நிறுத்தச் சொல்லிவிட்டது லெபனான் அரசு.