நிதானத்துக்கு ஆறு நிமிடம்

மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் கல்யாணம். பதற்றமே கூடாதென்று பெண்வீட்டார் ஈவென்ட்காரரிடம் நிகழ்ச்சி நிரல் வாங்கினார்கள். மொத்தம் 47 வரி. என்ன தொலைநோக்கு! 4.10க்கு மணப்பெண் கண்விழித்தல். 4.13க்கு புன்னகை. 4.20க்கு காபி, முதல் வாய் மட்டும் கேமரா முன்னால். 9.15 முதல் 9.21 வரை 'நிதானமாக இருத்தல்'. இருந்தார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

காசி யாத்திரைக்கு நான்கு நிமிடம். குடையும் விசிறியுமாகக் கிளம்பிய மாப்பிள்ளையை மாமனார் மறித்துக் கெஞ்சவேண்டும். "அங்கிள், லைட் போதலை" என்று மூன்று தடவை திருப்பி எடுத்தார்கள். நான்காவது தடவை மாப்பிள்ளை நிஜமாகவே காசிக்கு வழி விசாரித்தார்.

அடுத்து யூதத் தெருவில் படப்பிடிப்பு. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டில் ஒரு முகத்தில் ரோமன் எண், இன்னொன்றில் ஹீப்ரு எண். தாமதமானால் படிக்கத் தெரியாத முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இதைவிட வசதி ஏது?

பந்தி 12.05க்கு. கேரள விருந்தான சத்யா என்றதும் 11.30க்கே விருந்தாளிகள் நாற்காலிகளுக்குப் பின்னால் ஆளுக்கொன்றைப் பிடித்து நின்றுவிட்டார்கள். நிரலை முந்திய ஒரே இலாகா.

11.40க்கு வாத்தியார் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதுல மாங்கல்ய தாரணம் எங்கே?"

ஒருங்கிணைப்பாளர் பதறவில்லை. பேனாவை எடுத்தார். "2.45க்கு ஒரு ஸ்லாட் இருக்கு சாமி. ட்ரோனும் சார்ஜ் ஏறிடும். ஏழு நிமிஷம் போதுமா?"

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடிப் பையில் வைத்தார். நேரே போய் ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.