விதி எண் 62 அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ராஜபாளையத்துக் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) உரிமையாளன் ஒருவன்.

பெறுநர்: உயர்திரு மத்திய மோட்டார் வாகன விதி எண் 62 அவர்கள்.

ஐயா,

தாங்கள் 1989இல் பிறந்தவர். வயதில் நான் மூத்தவன். ஆனாலும் 'ஐயா' என்றே எழுதுகிறேன். வண்டி உங்கள் பிடியில் இருக்கிறது.

சுத்துப்பட்டு ஊர்களில் பால் எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. அன்றைக்கு வழியில் கை காட்டி நிறுத்தினார்கள். பிரேக் பிடித்தது, அதனால்தான் வண்டி நின்றது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்து மூன்று நாள் ஆனதைக் குறித்துக்கொண்டார்கள். மச்சினன் வண்டிக்குக் கேன்களை மாற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோவா கிண்டுகிற அண்ணாச்சி ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். இரண்டை மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலால் ஓரமாகத் தள்ளினார். ஐயா, அந்த மாதிரி ஒரு மூக்கு உங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

வக்கீல் ஒருவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவை விளக்கினார். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி முறைப்படி பதிவானதாகவே கருதப்படாதாம். அதாவது ஒரு நள்ளிரவு 12 மணிக்கு என் வண்டி பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது. பிறக்காத வண்டிக்கு 207ஆம் பிரிவில் காவல். வெளியே எடுக்கச் சான்றைக் காட்ட வேண்டும். சான்று வாங்க வண்டியைக் காட்ட வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தனி. பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்பது தாங்கள் வைத்த கணக்கு. (எங்கள் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டையே 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். கெட்டுப்போகிற பண்டம் அது!) எஃப்.சி. அன்றைக்கு என் வண்டி எனக்கே அடையாளம் தெரியாது. பெயின்ட் கையில் ஒட்டும். முன் டயர் இரண்டும் பட்டறையில் வாடகைக்கு எடுத்தவை, ஆறு மணிக்குள் திருப்பித் தரணும். முதலுதவிப் பெட்டியில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஒரு சுருள், நாலு வருடமாகப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கல்யாணக் கோலத்தைப் பார்த்துத் தாங்கள் சான்று தருவீர்கள். மறுநாள் காலையில் பழைய டயரோடு பால் எடுக்கப் போகும் வண்டி, ஒரு வருடத்துக்குத் தகுதியானது.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரையும்தான் சோதிக்கிறார்கள். ஆனால் தேர் நகர ஆரம்பித்தால் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவார்கள். நேற்றே பார்த்தாயிற்று என்று ஒருத்தரும் வீட்டுக்குப் போவதில்லை.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய எங்கள் தெருக்களுக்கு எஃப்.சி. என்றைக்கு முடிந்தது என்று கேட்க மாட்டேன். கேட்டால் தெருவையும் பிடித்துக் கட்டிவிடுவீர்கள்.

வண்டியைப் பார்க்க நேற்றுப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் நிற்கிறது. பேட்டரி செத்துவிட்டது. பின் டயர் ஒன்று தரையோடு அமுங்கிக் கிடக்கிறது. பிடித்த அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி ஐயா அது. உங்கள் காவலில் நின்றுதான் நிஜமாகவே தகுதி இழந்திருக்கிறது.

இன்னொரு தகவலும் உண்டு. வண்டிக்கு அடியில் ஒரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. ராஜபாளையம் ஜாதி நாய் இல்லை, மூக்கு கறுப்பு. தாய் என்னை உறுமியே அனுப்பிவிட்டது. வண்டியை விடுவிக்கும்போது அதனிடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமா என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிறக்காத வண்டியின் உரிமையாளன்