காபி மெஷின் வம்சம்

எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு ஸ்தலபுராணம் இருக்கும். படகின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு, இஷ்டப்பட்டால் ஓடி, இல்லாவிட்டால் நடு ஏரியில் கைவிட்டுவிடும் அவுட்போர்டு மோட்டாருக்கும் ஒன்று உண்டு. அதில் அசுரவதம் எல்லாம் கிடையாது. ஐஸ்கிரீம்தான்.

ஸ்தலம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஒகாச்சி ஏரி. காலம் 1906 என்பது பெரும்பான்மைக் கட்சி. வேறு வருடம் சொல்லும் உரையாசிரியர்களும் இருக்கிறார்கள். ஏரி நடுவே ஒரு தீவில் பிக்னிக். நல்ல வெயில். பெஸ் என்ற இளம்பெண் "ஐஸ்கிரீம் இருந்தால் நன்றாயிருக்கும்" என்றாள். கூட வந்திருந்த ஓலே எவின்ரூட் மறுபேச்சுப் பேசாமல் துடுப்பை எடுத்தார். போக வர 5 மைல். திரும்பி வந்தபோது ஓலே வியர்வையிலும் ஐஸ்கிரீம் பாலிலும் நனைந்திருந்தார்.

ஐஸ்கிரீம் உருகினால் பரிகாரம் ஐஸ் பெட்டி. இல்லையென்றால், அடுத்த தடவை கரையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஓலே வார்ப்படத்துக்கு மாதிரி செய்கிற தொழிலாளி. நார்வேயில் பிறந்து ஐந்து வயதில் அமெரிக்கா வந்தவர். பள்ளிப்படிப்பு கொஞ்சம், பேச்சு அதைவிடக் கொஞ்சம், கோபம் நிறைய. அவருக்குத் தோன்றிய பரிகாரம், படகையே வேகமாக ஓட்டுவது.

புராணம் என்றால் மூத்தவர்களை மறைக்க வேண்டும். இதிலும் மறைத்திருக்கிறார்கள். 1881-லேயே குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் செய்ன் நதியில் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். சுக்கானோடு மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டார், அதுவும் மின்சாரத்தில் ஓடுவது. புகையில்லை, சத்தமில்லை, ஆகவே யாரும் சீந்தவில்லை. இன்று அதையே புத்தம்புது யுகத்தின் தொடக்கம் என்று வண்ண விளம்பரம் போட்டு விற்கிறார்கள்.

இன்னொருவர் கேமரன் வாட்டர்மன். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மோட்டார்சைக்கிள் என்ஜினைத் துடைப்பதற்காகக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருந்தாராம். நாற்காலியில் மாட்டியதைப் படகில் மாட்டினால் என்ன என்று யோசித்தார். சட்டப் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நாற்காலியைப் பார்த்தவர்களால்தான் நாடு முன்னேறுகிறது. 1906-ல் டெட்ராய்ட்டிலிருந்து விற்பனையும் தொடங்கிவிட்டார். 'அவுட்போர்டு மோட்டார்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஆனால் அவர் கதையில் பெண்ணும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. சரித்திரம் அவரை அடிக்குறிப்பில் உட்கார வைத்துவிட்டது.

ஓலே முதல் மோட்டாரைச் செய்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதற்குள் பெஸ் அவர் மனைவி. இரும்பும் பித்தளையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மையார் சொன்ன முதல் விமர்சனம், காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறது என்பது. காதலுக்காகப் படைத்தவனுக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். ஆனால் கணக்கு வழக்கு தெரிந்த பெண்மணி. இந்தக் காபி மெஷினை விற்க முடியும் என்று புருஷனுக்கு முன்னால் புரிந்துகொண்டவர் அவர்தான். துடுப்பு போடாதீர்கள், துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்கிற பொருளில் அவர் எழுதிய விளம்பரத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1909-ல் விற்பனைக்கு வந்த மோட்டாரின் எடை 62 பவுண்டு, விலை 62 டாலர், சக்தி ஒன்றரைக் குதிரை. அந்த அரைக் குதிரை எந்த அரை என்று கேட்கக் கூடாது.

இந்த ஆதிகால எவின்ரூட் எந்தக் கொட்டகையிலாவது கிடைத்தால், இன்றைக்கும் சேகரிப்பவர்கள் பெட்டியைத் திறக்கும் முன்னே கையைப் பார்த்துக்கொள்வார்கள். இதில் இழுக்கக் கயிறு கிடையாது. தலைமேல் ஒரு பிளைவீல், அதன் ஓரத்தில் ஒரு மரக் குமிழ். குமிழைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். என்ஜின் பிடிக்கவில்லை என்றால் தோள்பட்டை போயிற்று. பிடித்துவிட்டது என்றால் குமிழும் பிளைவீலோடு சேர்ந்து சுற்றும், கையை எடுக்காதவனுக்கு விரல் முட்டி போயிற்று. டூ-ஸ்ட்ரோக் ஜாதி என்பதால் சில சமயம் தலைகீழாகப் பற்றிக்கொண்டு படகைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. கரையில் வழியனுப்ப வந்தவர்களுக்கே மறுபடி வணக்கம் சொல்லலாம்.

வியாபாரம் பெருகியது. ஒரு இழுவைப்படகு முதலாளி, கிறிஸ் மேயர், பணம் போட்டுப் பங்காளியானார். ஸ்காண்டிநேவிய மீனவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். எல்லா வேலையும் தலையில் விழுந்ததில் பெஸ்ஸின் உடம்பு கெட்டது. ஓலே தன் பங்கை மேயரிடமே விற்றுவிட்டு, ஐந்து வருடம் போட்டிக்கு வரமாட்டேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டு, மனைவி மகனோடு ஊர் சுற்றக் கிளம்பினார்.

எழுதிக் கொடுத்த கெடு முடிந்தபோது அவர் கையில் ஒரு புது மோட்டார் இருந்தது. அலுமினியம், இரண்டு சிலிண்டர், 3 குதிரைத்திறன், புகையை புரொப்பெல்லர் நடுவழியாகத் தண்ணீருக்குள்ளேயே விடும் ஏற்பாடு. நேராகப் பழைய பங்காளியிடம் போய்க் காட்டினார். மேயர் வேண்டாம் என்றார். இருப்பதே நன்றாக விற்கும்போது எதற்கு வம்பு? ஓலே 1921-ல் எல்ட்டோ என்று தனிக்கடை போட்டார். அந்தப் பெயரும் பெஸ் வைத்தது. இப்போது சந்தையில் எவின்ரூட் என்று ஒரு மோட்டார், அதில் எவின்ரூட் இல்லை. எவின்ரூட் செய்கிற மோட்டார் ஒன்று, அதில் அவர் பெயர் இல்லை. கட்சி ஒரு பக்கம், சின்னம் ஒரு பக்கம். இந்த நிலவரம் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1929-ல் இணைப்பு விழா நடந்தது. எல்ட்டோ, எவின்ரூட், லாக்வுட் என்று மூன்று மோட்டார் கம்பெனிகளும் ஒன்றாக, தலைவர் நாற்காலியில் ஓலே. அதே வருடம் உலகப் பொருளாதாரமே கவிழ்ந்தது. பெஸ் 1933-ல் போனார், ஓலே அடுத்த வருடம். பிறகு ஜான்சன் என்ற மோட்டார் கம்பெனியும் இந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்தது. ஜான்சன் சகோதரர்கள் ஒருகாலத்தில் விமானம் கட்டிப் பார்த்தவர்கள். அதோடு ஒப்பிட்டால், படகு பழுதாகி நின்றாலும் மிதக்கிறது என்பது பெரிய வசதி.

காதலில் பிறந்த கம்பெனி இப்படி என்றால், எரிச்சலில் பிறந்த கம்பெனி மெர்க்குரி. 1939-ல் கார்ல் கீக்காஃபர் விஸ்கான்சினிலேயே சீடர்பர்க் ஊரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். அவர் நினைத்திருந்த தொழில், பால்பண்ணைகளுக்குக் காந்தப் பிரிப்பான் செய்வது. உள்ளே போய்ப் பார்த்தால் மூலையில் 300 அவுட்போர்டு மோட்டார்கள். தபால் வழி வியாபாரத்தில் பெரிய புள்ளியான மாண்ட்கமரி வார்டு, ஓடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய சரக்கு. அதற்கு வைத்திருந்த பெயர் தோர், ஸ்காண்டிநேவியப் புராணத்து இடிதேவன். இடியும் இல்லை, மின்னலும் இல்லை, பிளக்கில் பொறிகூட இல்லை. கைச்செலவுக்குக் காசு வேண்டும் என்று கீக்காஃபர் அத்தனையையும் பிரித்துத் திருத்தி அனுப்பினார். திருப்பி அனுப்பிய கடையே இன்னும் கொடு என்று கேட்டது. அடுத்த வருடம் நியூயார்க் படகுக் கண்காட்சியில் மெர்க்குரி என்று பெயர் மாற்றிக் காட்டியபோது 16,000 மோட்டாருக்கு ஆர்டர். காந்தப் பிரிப்பான் அத்தோடு மறந்தது. பழைய மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்கிறவர்கள் படம் மாட்டிக் கும்பிட வேண்டிய முதல் ஆள் இவர்தான். குணத்தில் மகா முன்கோபி. 1955, 1956 இரண்டு வருடமும் அவர் அணியின் கார்கள் நாஸ்கார் பந்தயத்தில் பட்டம் வென்றன. பந்தயக் கார் எதற்கு என்றால், மோட்டார் விளம்பரத்துக்கு.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் வேறு தத்துவம் வைத்திருந்தார்கள். 1931-ல் வுல்வர்ஹாம்ப்டனில், சன்பீம் மோட்டார்சைக்கிள் செய்த மார்ஸ்டன் கம்பெனியில் பிறந்து, பிறகு பூல் துறைமுகத்துக்குக் குடிபோனது பிரிட்டிஷ் சீகல். உலகத்துக்கே ஏற்ற தலைசிறந்த அவுட்போர்டு மோட்டார் என்று தன்னைத்தானே விளம்பரம் செய்துகொண்டது. வெட்கம் என்ற பாகத்தை அதில் பொருத்தவே இல்லை. மூடி என்ற பாகத்தையும்தான். ஒரு சிலிண்டர், ஒரு நீண்ட குழாய், மேலே ஒரு டேங்க், வெட்டவெளியில் சுற்றும் பிளைவீல். இரண்டாம் உலகப் போரில் தாக்குதல் படகுகளுக்காகக் கடற்படை ஆயிரக்கணக்கில் வாங்கியது. யோசித்துப் பார்த்தால் சரியான தேர்வு. எதிரி கரையில் இறங்கப் போகிறவனுக்குப் போகிற வழிக்கு மட்டும் மோட்டார் ஓடினால் போதும். போன சீகல்களின் தம்பிமார்கள் அதன்பிறகு ஐம்பது வருடம் இங்கிலாந்தின் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் ஓடினார்கள் என்பதுதான் ராணுவத் திட்டத்தில் இல்லாத விஷயம்.

பழைய சீகலுக்குப் பத்துக்கு ஒன்று ஆயில். பத்துப் பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு ஆயில் என்றால் அது எரிபொருள் அல்ல, தாளிப்பு. போன வழியெல்லாம் தண்ணீரில் வானவில் மிதக்கும். கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுவதைக் குறை என்று அந்தக் கம்பெனி நினைக்கவில்லை. கெட்டி ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி வெளுத்து வடியும், அதுவே பல்சக்கரத்துக்குப் போதும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிளைவீல் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்க வேண்டும். கயிறு கழன்று பின்னால் வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு சாட்டையடி. கிளட்ச் இல்லாத மாடலாக இருந்தால் பிடித்த நொடியே படகு கிளம்பிவிடும். கட்டின கயிற்றை அவிழ்த்தாயா என்று கேட்கக்கூட அவகாசம் தராது.

இத்தனை அநியாயமும் செய்த வண்டிதான் எண்பது வயதிலும் மறுபடி ஓடுகிறது. காரணம் எளிது. கெட்டுப்போகும் என்று தெரிந்தே செய்ததால், கையில் ஸ்பேனர் உள்ள எவனும் திறக்கலாம். கொட்டகையில் கிடக்கிற ஒன்றைத் தூக்கி வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசல் ஊற்றி, நாள்கணக்கில் மறந்துவிட வேண்டும். பிறகு பிளைவீலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சுத்தியலை எடுப்பவன் வார்ப்பு உடைந்து இரண்டு மோட்டாருக்குச் சொந்தக்காரன் ஆவான், இரண்டும் ஓடாது. பிளைவீலின் அடியில் பொறிக்காக இருக்கும் பாயிண்டுகளைத் திறந்தால் பச்சையாகக் களிம்பு. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் விட்டு இழுத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தால் பிளக்கில் நீலப் பொறி தெறிக்கும். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பழுப்பாகப் படிந்திருக்கும். 1950-களின் ஜான்சன், எவின்ரூட் என்றால் காயில் இரண்டும் வெடித்துத்தான் இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். அந்த மாடல்களின் பெட்ரோல் டப்பாவுக்கு இரட்டைக் குழாய். ஒன்றில் என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும், மற்றதில் பெட்ரோல் வெளியே வரும். அழுத்தம் ஏறிய பெட்ரோல் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடித்த ஒரு தலைமுறை உயிரோடு வீடு திரும்பியிருக்கிறது.

இயந்திரத்தைவிட சுவாரசியம் அதன் பழைய முதலாளிகள். புரொப்பெல்லர் பாறையில் மோதினால் உடைவதற்கென்றே மென்மையான உலோகத்தில் ஒரு சிறு ஊசி வைத்திருப்பார்கள். அது உடைந்தால் கியர் தப்பும். கழற்றிப் பார்த்தால் அங்கே ஓர் இரும்பு ஆணி இருக்கும். நாலு ரூபாய் ஊசிக்குச் சோம்பல்பட்டு கியர் பெட்டியை மென்று தின்றவர் எவரோ. அடுத்த முதலாளி, தன் வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயிண்டை சீரியல் எண்ணோடு சேர்த்து அடித்திருப்பார். அந்த எண்ணைச் சுரண்டி எடுத்தால்தான் வயது தெரியும். இதற்கெல்லாம் பொறுமையுள்ளவர்கள் 1965-லேயே அமெரிக்காவில் பழைய அவுட்போர்டு மோட்டார் சங்கம் அமைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் வைத்து, மோட்டாரை அதில் மாட்டி இழுத்துப் பார்ப்பது வழக்கம். ஓடினால் புகை எழும்பி, குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும்.

ஓலே குடும்பத்துக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த வருடம் பம்பார்டியர் என்ற கம்பெனி வாங்கியது. 2020 மே மாதம், மில்வாக்கிக்குத் தெற்கே ஸ்டர்ட்டிவன்ட் தொழிற்சாலையில் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இனி எவின்ரூட் வேண்டும் என்பவர் கொட்டகையில் கிடப்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிளைவீல் கையால் சுற்றவில்லை என்றால் பாதி விலைக்குக் கேளுங்கள்.