பிரயாணத் திட்டப் பிரம்மா

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடிய மாத்திரத்தில், வீட்டுப் பெண்கள் மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும் வேளை பார்த்து, சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீளமான கணக்கு நோட்டொன்றில் சிவப்பு மையாலும் நீல மையாலும் கட்டம் போடத் தொடங்கும் மகானுபாவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர் போடுவது குடும்ப வரவு செலவு அன்று; நான்கு நாள் மோட்டார் பிரயாணத் திட்டம். சென்னையில் புறப்பட்டு, பெங்களூரு, மைசூரு ஆகிய நகரங்களையும், பந்திப்பூர், முதுமலை ஆகிய வனங்களையும் தரிசித்து, உதகமண்டலம் ஏறி, கோயம்புத்தூர் வழியாகத் திரும்பி, ஐந்தாம் நாள் காலை ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும் என்பது சங்கற்பம். பிரம்மதேவன்கூடத் தன் சிருஷ்டியில் சிலவற்றைத் தற்செயலுக்கென்று விட்டுவைத்திருக்கிறான்; நம்மவர் விடுவதில்லை.

எங்கள் தெருப் பிரம்மாவின் நோட்டைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 'காலை 6.40, கிருஷ்ணகிரி. இட்லி, தலைக்கு மூன்று. வடை கிடையாது, தாமதமாகும்' என்று இருந்தது. ஹைதர் அலி 1760-ல் அமைக்கத் தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்கு 25 நிமிஷமும், ஞாயிறு மாலையில் சுமார் ஒரு லட்சம் விளக்குகளோடு ஜொலிக்கும் மைசூரு அரண்மனைக்குப் பத்து நிமிஷமும் அனுக்கிரகித்திருந்தார். மறுநாள் பந்திப்பூர்க் கட்டத்தில், '6.45 மான், 7.05 யானை, 7.20 புலி.'

"புலி அந்த நேரத்துக்கு வருமா சார்?" என்றேன்.

"1973-ல புலிகளைக் காப்பாத்த திட்டம் ஆரம்பிச்சப்பவே பந்திப்பூரைச் சேத்துட்டாங்க. இத்தனை வருஷமா காப்பாத்தியிருக்காங்க, ஒண்ணாவது நேரத்துக்கு வராதா?" என்றார்.

அவருடைய ஞானத்தைக் குறை சொல்வதற்கில்லை. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்பதும், அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோனால் அபராதம் என்பதும், மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செல்லும் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் ஏறலாமே தவிர இறங்கக் கூடாது என்பதும், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பந்திப்பூர்க் காட்டுச் சாலை மூடப்பட்டிருக்கும் என்பதும் அவருக்குக் கரதலப் பாடம். அத்தனை கட்டம் போட்டவர், கூட வருகிற மனிதர்களுக்கென்று ஒரு கட்டமும் போடவில்லை என்பதே விஷயம்.

விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்ட வண்டி தெருமுனையைத் தாண்டுமுன், "ஏங்க, கேஸை மூடினேனான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று அம்மையார் இறங்கினார். அந்த நஷ்டத்தை நம்மவர் கிருஷ்ணகிரி இட்லியில் ஒன்றைக் குறைத்தும், லால்பாக்கை ஏறக்குறைய ஓடியே சுற்றியும் ஈடுகட்டிவிட்டார். ஆனால் அரண்மனை விளக்குகளைக் கண்ணாரக் காணுமுன் எல்லோரையும் வண்டியில் ஏற்றி, நஞ்சன்கூட்டை நெருங்கியபோது, பின் ஆசனத்திலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, ஸ்ரீகண்டேஸ்வரர் இவ்வளவு பக்கத்துல இருக்காரே, பாக்காம போனா நல்லாவா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். மறுக்கத்தக்க கேள்வியா அது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தரிசனம் முடித்து, தேங்காய் மூடியும் விபூதியுமாக வந்து சேர்ந்தபோது, பந்திப்பூர்ச் சோதனைச்சாவடிக் கடிகாரத்தில் மணி ஒன்பது அடித்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

ஆம்புலன்ஸுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே அங்கே விலக்கு. நம்மவர் இறங்கிப்போய், நோட்டைப் பிரித்து, '8.50, சாவடி கடத்தல்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்த இடத்தைக் காவலருக்கு விரலால் சுட்டிக் காட்டினார். தமிழறியாத அந்தக் கன்னடக்காரர் டார்ச் அடித்துப் பக்கத்தை மேலும் கீழும் நிதானமாகப் பார்வையிட்டு, கையெழுத்து அழகாயிருக்கிறது என்று சைகை செய்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி குண்டல்பேட்டைக்குத் திரும்பியது. ஒரு விடுதியின் கட்டிலில் சம்மணமிட்டு நம்மவர் 'திருத்திய இரண்டாம் பதிப்பு' எழுதத் தொடங்கியபோது, குழந்தைகள், பிரயாணத்திலேயே முதல் தடவையாக வயிறார உண்ட திருப்தியில், தூங்கிப் போயிருந்தன.

என்றாலும், ஒன்றையும் விசாரியாமல் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமையன்று மைசூரு மிருகக்காட்சிசாலையின் பூட்டிய கதவுக்கு முன்னால் குடும்பத்தோடு நிற்கிறவர்களைவிட இவர் எவ்வளவோ மேல். வாசகர்களை இவர் அழைத்தால் தாராளமாகப் போய்வரலாம். குண்டல்பேட்டையில் ஓர் இரவு தங்குவதற்கு மாற்றுத்துணி மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.